சென்னை வெயிலில் ஒரு சிறிய பவளத் தொட்டி

கேள்வி இது: "நன்னீர் மீன் தொட்டி சில வருடங்களாக வைத்திருக்கிறேன். சென்னையில் அபார்ட்மென்ட் வீடு. ஹாலில் 70 லிட்டர் அளவில் ஒரு ஆல்-இன்-ஒன் தொட்டி வாங்கி உப்புத் தண்ணீரும் பவளமும் முயன்று பார்க்க ஆசை. என்னென்ன வாங்க வேண்டும், வாரத்துக்கு எவ்வளவு வேலை? சின்னத் தொட்டி என்பதால் சுலபம்தானே?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சின்னத் தொட்டி இடத்துக்குச் சுலபம், பர்ஸுக்கு ஓரளவு சுலபம், தண்ணீரைப் பொறுத்தவரை சுலபமே இல்லை. 400 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தால் நத்தைகளும் நண்டுகளும் அதைத் தின்று முடித்துவிடும், உங்களுக்குத் தெரியவே வராது. 60 லிட்டரில் மறுநாளே தண்ணீர் கலங்கி, பவளங்கள் சுருங்கிவிடும். ஆனால் சின்னத் தொட்டிக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அரை பக்கெட் தண்ணீரை மாற்றினால் பத்து சதவீதம் மாற்றியாயிற்று. பெரிய தொட்டிக்காரர்கள் பல கருவிகளை வைத்துச் செய்யும் வேலையில் முக்கால்வாசியை அந்த அரை பக்கெட் செய்துவிடும். அதனால் கருவிகளுக்கும் பவளங்களுக்கும் என்று ஒதுக்கியிருக்கும் பணத்தை மூன்று இடங்களுக்குத் திருப்பிவிடுங்கள்: வெப்பத்தைக் கட்டுப்படுத்த, ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட, சுத்தமான தண்ணீர் தயாரிக்க. நம் ஊரில் தொட்டிகள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் தோற்கின்றன.

ஆல்-இன்-ஒன் என்றால் என்ன என்று சுருக்கமாக. தொட்டியின் பின்பக்கம் கறுப்புத் தடுப்பு ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் இரண்டு மூன்று அறைகள். மேலே சீப்பு மாதிரி வெட்டியிருக்கும் இடத்தின் வழியாக மேல்மட்டத் தண்ணீர் பின்னால் விழும். முதல் அறையில் பஞ்சு, அடுத்ததில் கார்பனும் பாக்டீரியா தங்கும் செராமிக் துண்டுகளும், கடைசி அறையில் தண்ணீரைத் திரும்பத் தள்ளும் பம்ப். நன்னீர்த் தொட்டியில் கேனிஸ்டர் ஃபில்டர் செய்ததையே இது செய்கிறது, மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: முன்பக்கத் தண்ணீர் மட்டம் எப்போதும் மாறாது. ஆவியாவது முழுக்கப் பம்ப் இருக்கும் அறையில்தான் தெரியும். முன்னால் பார்த்து "தண்ணீர் நிறையத்தானே இருக்கிறது" என்று விட்டுவிட்டால், பம்ப் காற்றை உறிஞ்சிக் குடுகுடுவென்று சத்தம் போடும்போதுதான் விஷயம் புரியும்.

70 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பாறையும் மணலும் போனால் உள்ளே இருப்பது சுமார் 55 லிட்டர். எல்லாக் கணக்கையும் அந்த 55-இல் போடுங்கள். மொத்த எடை, ஸ்டாண்டோடு சேர்த்து நூறு கிலோவைத் தாண்டும். ஈரம்பட்டால் ஊதிப்போகும் பார்ட்டிகிள் போர்டு டிவி ஸ்டாண்டில் வைக்க வேண்டாம். ஜன்னல் வெயில் நேராகப் படாத சுவர், பக்கத்தில் ப்ளக் பாயிண்ட், தரை மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரசமட்டம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு வயரும் ப்ளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி, பிறகு மேலே ஏறிப் போக வேண்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், ப்ளக்குக்குள் போகாது.

இப்போது வெப்பம். வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் ஹீட்டர் வாங்கச் சொல்லும். சென்னையில் நம் பிரச்சினை அதற்கு நேர் எதிர். பவளங்களுக்கு 25 முதல் 27 டிகிரி நல்லது. மே மாதத்தில் ஏசி இல்லாத ஹாலில் ராத்திரியும் 31, 32 டிகிரி இருக்கும். பம்பும் லைட்டும் அதற்கு மேலே ஒன்று இரண்டு டிகிரி கூட்டும். பவளம் பழக்கப்பட்ட கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி அதிகமான வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே, தன் திசுவுக்குள் வாழும் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும். கடலிலேயே இதுதான் நடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 கோடைகளில் பவளங்கள் கூட்டமாக வெளுத்தன. கூடவே, சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும், மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவைப்படும்.

தண்ணீர் மேல் காற்றடிக்கும் சின்ன க்ளிப் ஃபேன் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். மதுரை, சேலம் மாதிரி காய்ந்த ஊர்களில் இது அருமையாக வேலை செய்யும். கடற்கரை ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாவது குறைவு, பலனும் குறைவு. சென்னைக்கு உண்மையான தீர்வு இரண்டுதான்: நாள் முழுக்க ஏசி ஓடும் அறை, அல்லது ஒரு சின்ன சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி. 1/10 குதிரைத்திறன் கம்ப்ரஸர் சில்லர் இந்த அளவுக்குத் தாராளம். கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகை என்று மலிவாக விற்பவை நம் கோடையில் திணறும். சில்லர் தொட்டியிலிருந்து எடுத்த வெப்பத்தை அறைக்குள்தான் விடும். அதை மூடிய அலமாரிக்குள் வைத்தால் தன் சூட்டிலேயே தானே வேகும். ஏசி அறை என்றால் எதிர்ப்பக்கச் சிக்கல் ஒன்று உண்டு. ராத்திரி 23-இல் வைத்துவிட்டுக் காலையில் அணைப்பவர் என்றால் தண்ணீர் தினம் நாலைந்து டிகிரி ஏறி இறங்கும். அப்போதுதான் ஒரு 50 வாட் ஹீட்டர் தேவைப்படும். ஏறி இறங்கும் 25-ஐவிட அசையாத 27 மேல்.

இதற்கும் பட்ஜெட் இல்லை என்றால் சில்லர் வாங்கும் வரை பவளத்தைத் தள்ளிப்போடுங்கள். ஜனவரியில் தொட்டி ஆரம்பித்து மூன்று மாதம் அழகாக வைத்திருந்து, ஏப்ரலில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு "எனக்கு ராசியில்லை" என்று விட்டுவிடுபவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

அடுத்தது ஆவியாகும் தண்ணீர். ஃபேன் ஓடினால் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வரை போகலாம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். 35 பிபிடி உப்பில் (ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு) இருந்த 55 லிட்டர், ஒரே நாளில் 36 ஆகும். இரண்டு நாள் மறந்தால் 37. பிறகு நினைவு வந்து மொத்தமாக மூன்று லிட்டர் ஊற்றினால் தடாலென்று 35. மீன் தாங்கும், பவளமும் இறாலும் தாங்காது. இதற்கு ஆட்டோ டாப்-அப் என்ற சின்னக் கருவி உண்டு. பம்ப் அறையில் ஒரு சென்சார், பக்கத்தில் ஒரு கேன் சுத்தத் தண்ணீர், குட்டி பம்ப் ஒன்று, அவ்வளவுதான். என் கணக்கில் ஒரு சின்னத் தொட்டிக்கு வாங்கும் முதல் கருவி இது. லைட்டை நாளைக்கு மேம்படுத்திக்கொள்ளலாம். சென்சார் பழுதானால் கேன் முழுவதும் உள்ளே போய்விடும் என்பதால் கேனை ஐந்து லிட்டருக்கு மேல் பெரிதாக வைக்காதீர்கள். நிரப்புவது எப்போதும் உப்பில்லாத தண்ணீர். தெரிந்ததுதான் என்றாலும் அவசரத்தில் உப்புத் தண்ணீரை ஊற்றுபவர்கள் உண்டு.

எந்தத் தண்ணீர்? இங்கேதான் நன்னீர்க்காரர்கள் சறுக்குவார்கள். போர் தண்ணீர் வேண்டாம், மெட்ரோ தண்ணீர் வேண்டாம், இருபது லிட்டர் கேன் தண்ணீரும் வேண்டாம், அதில் ருசிக்காகத் தாதுக்களைச் சேர்ப்பார்கள். சமையலறை ஆர்ஓ போதுமே என்று தோன்றும். வீட்டு ஆர்ஓ மெஷின்களில் பலவற்றில் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கிறது. சுத்தம் செய்த தண்ணீரில் கொஞ்சம் பழைய தண்ணீரைக் கலந்தே வெளியே விடும். குடிப்பதற்கு நல்லது, பவளத்துக்கு ஆகாது. கன்ட்ரோலரையும் மினரல் கார்ட்ரிஜையும் தாண்டி, மெம்ப்ரேனிலிருந்து நேராகத் தண்ணீரை எடுத்து மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றின் வழியாக விட்டால் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யம்தான் வேண்டும். மீதமாக இருக்கும் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் ஆறு மாதத்துக்குப் பாசியாகக் கணக்குத் தீர்க்கும்.

"கடல் இங்கேயே இருக்கிறதே, ஏன் உப்பு வாங்க வேண்டும்?" என்று வீட்டில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். மெரினாவுக்கு ஒரு பக்கம் கூவம், மறுபக்கம் அடையாறு. அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். ஈசிஆரில் தெற்கே தள்ளிப் போனால் தண்ணீர் தெளிவாக இருக்கும், இறால் குஞ்சுப் பண்ணைகள் அந்தக் கடல்நீரைத்தான் எடுத்து, வடிகட்டி, கிருமி நீக்கிப் பயன்படுத்துகின்றன. ஆனால் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஆற்று வெள்ளம் கலந்து நம் கரையோரக் கடலின் உப்பு கணிசமாகக் குறையும். மாதா மாதம் அளவு மாறும் தண்ணீரைச் சமாளிக்கக் கை பழகியிருக்க வேண்டும். முதல் வருடம் பாக்கெட் உப்பே சரி.

லிட்டருக்கு 36 முதல் 39 கிராம், பிராண்டைப் பொறுத்து. சமையலறைத் தராசில் எடை போட்டு, பம்ப் போட்டு ஒரு நாள் சுழல விட்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். 35 பிபிடி, அதாவது அடர்த்தி எண் 1.026. ரிஃப்ராக்டோமீட்டரைச் சுத்தத் தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பாதீர்கள். 35 பிபிடி திரவம் தனியாகக் கிடைக்கும், அதில் சரி செய்யுங்கள். ஊசி மிதக்கும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை யாருக்காவது கொடுத்துவிடலாம். சென்னை ஈரத்தில் உப்பு மூட்டையைத் திறந்து வைத்தால் ஒரே வாரத்தில் கட்டியாகிவிடும், காற்றுப் புகாத டிரம்மில் கொட்டி வையுங்கள்.

பாறை, மணல், பவளம் மூன்றையும் பற்றிப் பேசும்போது சட்டத்தையும் பேசியாக வேண்டும், யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் கல்பவளங்கள் அத்தனையும் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. கடல் விசிறி, கறும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கின்றன. பாதுகாப்பு உயிருள்ள பவளத்தோடு நிற்காது, செத்த எலும்புக்கூட்டுக்கும் உண்டு. அதாவது ராமேஸ்வரம் போன இடத்தில் கரையில் ஒதுங்கிய பவளக் கல்லை அழகாக இருக்கிறதே என்று பையில் போட்டு வருவதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து வந்த "லைவ் ராக்" (கடல் உயிர்கள் ஒட்டிய உயிர்ப்பாறை) என்று யாராவது காட்டினால் விலையைக் கேட்காமல் வெளியே வந்துவிடுங்கள். "இது இம்போர்ட் சார்" என்பார்கள். கல்பவளங்கள், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலிலும் இருக்கின்றன. முறையாக வந்தது என்றால் காகிதம் இருக்கும், காகிதத்தைக் கேளுங்கள். இறக்குமதி உயிர்களில் சிலவற்றை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யவும் வேண்டும்.

இதனால் உங்கள் தொட்டி வெறிச்சோடிப் போய்விடாது. மென்பவள வகையில் சோவாந்தஸ், மஷ்ரூம், லெதர், கென்யா ட்ரீ, க்ரீன் ஸ்டார் பாலிப் எல்லாம் இந்தக் கல்பவளப் பட்டியலுக்கு வெளியே இருப்பவை. தொடக்கக்காரருக்கு இவையே பொருத்தமும்கூட. கல் எலும்புக்கூடு கட்டாததால் கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் (பிஎச் சரியாமல் காக்கும் கார்பனேட் அளவு) வேகமாக உறிஞ்சாது, வாராவாரம் மாற்றும் புதுத் தண்ணீரே அவற்றுக்குப் போதும். சட்டமும் வசதியும் ஒரே பக்கம் நிற்பது நமக்கு அபூர்வமாகக் கிடைக்கும் விஷயம். பாறைக்கு, செயற்கையாகச் செய்த செராமிக் அல்லது சிமெண்ட் கலவைப் பாறை, ஏழெட்டு கிலோ. கண்ணாடியிலிருந்து எல்லாப் பக்கமும் நாலு விரல் இடம் விட்டு அடுக்குங்கள், பாசி சுரண்டும் காந்தம் போய்வர வேண்டும். பாறையை முதலில் அடிக்கண்ணாடி மேல் வைத்து, பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல் தோண்டும் மீன் பின்னால் வந்தாலும் பாறை சரியாது. மணல், கடையில் விற்கும் அரகோனைட், இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம்.

தண்ணீர் நிறைந்தது, பம்ப் ஓடுகிறது. இனி காத்திருப்பு. நன்னீரில் சைக்கிளிங், அதாவது கழிவை மாற்றும் பாக்டீரியாவை வளர்ப்பது, செய்திருப்பீர்கள். தத்துவம் அதேதான்: பாக்டீரியாவால் அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகும். வித்தியாசம், உப்புத் தண்ணீரின் பிஎச் 8-க்கு மேல் இருப்பதால் அம்மோனியாவின் நச்சு வடிவம் அதிகமாக இருக்கும், நம் சூட்டில் இன்னும் அதிகம். அதனால் "ஒரு டாம்சல் மீனை விட்டு சைக்கிள் பண்ணுங்க" என்ற பழைய யோசனையைக் கேட்க வேண்டாம். அந்த மீன் பிழைத்தால் அது இன்னொரு தலைவலி, பிறகு வரும் எல்லா மீனையும் துரத்தும். அம்மோனியம் குளோரைடு சொட்டு விட்டு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரை கொண்டுவந்து, பாட்டில் பாக்டீரியா ஊற்றி, லைட்டை அணைத்தே வைத்திருங்கள். 2 பிபிஎம் அம்மோனியா ஒரே நாளில் பூஜ்யமாகும் அன்றைக்குத் தொட்டி தயார். மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். நைட்ரைட் கொஞ்சம் மிச்சம் இருந்தால் பதற வேண்டாம், கடல்நீரில் இருக்கும் குளோரைடு அதன் நச்சை மீனிடம் அண்ட விடாது. பிறகு பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு உயிர்களைப் பற்றி யோசிக்கலாம்.

55 லிட்டரில் மீன் இரண்டு, அதிகபட்சம் மூன்று. ஒரு ஜோடி ஓசலாரிஸ் கோமாளி மீன், விருப்பப்பட்டால் ஒரு சின்ன கோபி. கொளத்தூர் கடைகளில் நீமோ என்று கேட்டாலே எடுத்துக் காட்டுவார்கள், நீங்கள் கேட்க வேண்டியது பண்ணையில் பொரித்ததா என்று. விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறைகளை எப்போதோ கொண்டுவந்துவிட்டன. பண்ணை மீன் உலர் தீவனத்தை முதல் நாளே தின்னும், தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது. இரண்டு வாங்கும்போது ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று எடுங்கள். எல்லாக் கோமாளி மீனும் முதலில் ஆண்தான், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிக்கொள்ளும். ஒரே அளவில் பெரியதாக இரண்டை எடுத்தால் யார் பெண் என்பதைச் சண்டையில் முடிவு செய்வார்கள்.

கோமாளி மீன் கடலில் குடியிருக்கும் கடல் சாமந்தியை (அனிமோன்) இந்தத் தொட்டியில் வைக்க வேண்டாம். கோமாளி மீன் அது இல்லாமல் சந்தோஷமாக இருக்கும். சாமந்தி இடம் பிடிக்காமல் நகர்ந்து நகர்ந்து, ஒருநாள் வேவ்மேக்கரில் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) சிக்கி அரைபட்டு, மொத்தத் தொட்டியையும் கூடவே கொண்டுபோகும். நீல டேங் மீன் குட்டியாக இருக்கும்போது அழகாகத்தான் இருக்கும், ஓர் அடி வரை வளரும் மீன் அது. மாண்டரின் மீன் கண்ணுக்குத் தெரியாத குட்டி ஓட்டுயிர்களைத் தவிர எதையும் சுலபத்தில் தின்னாது, புதுத் தொட்டியில் பட்டினியாகவே சாகும். கடைக்காரர் தின்னும் என்று சொன்னால், முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

புது மீனை நேரே தொட்டியில் விடாதீர்கள். வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணி மீனிலிருந்து உதிர்ந்து மணலிலும் பாறையிலும் வாரக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும். அதற்கு மருந்து தாமிரம், தாமிரமோ இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். எனவே நோய் உள்ளே வந்துவிட்டால் மீனை வெளியே எடுத்து வைத்தியம் செய்து, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விட வேண்டியிருக்கும். அதைவிட ஒரு 25 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, இவற்றோடு ஒரு மாதம் தனியே வைத்துப் பார்ப்பது மலிவு.

மீனுக்கு முன்பே நத்தைகளைக் கொண்டுவரலாம், நாலைந்து போதும். முதல் மாதங்களில் தொட்டி அசிங்கமாகத்தான் இருக்கும். முதலில் பழுப்புத் தூள் மாதிரி டயாட்டம், பிறகு பச்சை முடிப் பாசி, சில இடத்தில் சிவப்புச் சளி மாதிரி சயனோ. பயந்துபோய் பாஸ்பேட் உறிஞ்சி, நைட்ரேட் உறிஞ்சி, பாசி மருந்து என்று ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து. இரண்டையும் பூஜ்யத்துக்கு இறக்கினால் டைனோ என்ற பழுப்புச் சளி, குமிழிகளோடு பாறையெல்லாம் படரும். அது வந்தபின் முடிப் பாசியே தேவலை என்று ஆகிவிடும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருக்கட்டும். கையால் பிடுங்குங்கள், டியூபால் உறிஞ்சுங்கள், லைட்டை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள், காத்திருங்கள். பாறையில் ஊதா நிறப் பூச்சு படர ஆரம்பித்தால் தொட்டி முதிர்கிறது என்று அர்த்தம்.

அப்போது முதல் பவளம். மஷ்ரூமை அடியில் நிழலில் வையுங்கள், சோவாந்தஸை நடுவில். க்ரீன் ஸ்டார் பாலிப்பைத் தனியாக ஒரு கல்லில் வைத்து மணலில் தீவு மாதிரி விடுங்கள். முக்கியப் பாறையில் ஏறிவிட்டால் அடுத்த வருடம் உங்கள் தொட்டியில் அது மட்டும்தான் இருக்கும். லெதர் பவளங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிக்காமல் தண்ணீரில் ரசாயனம் விடும் பழக்கமுள்ளவை. சின்னத் தொட்டியில் அது சீக்கிரம் சேரும், எனவே கார்பனை மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

சோவாந்தஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தக் குடும்பத்தில், முக்கியமாக பாலிதோவா வகையில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். பவளம் ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிக்கும் தண்ணீரில் போடாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் மூடியும் அவசியம்.

வாராந்தர வேலையைக் கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம். முந்தின நாளே ஆறு லிட்டர் உப்புத் தண்ணீர் கலந்து சுழல விட்டுவிடுங்கள். கண்ணாடியைத் துடைத்து, குழாயால் பாறை இடுக்கையும் மணலின் ஒரு பகுதியையும் உறிஞ்சி ஆறு லிட்டர் வெளியே, அதே உப்பு அளவும் அதே வெப்பமும் உள்ள ஆறு லிட்டர் உள்ளே. பக்கெட், குழாய் எல்லாம் இதற்கென்றே புதிதாக வாங்கியவை, சோப்புப் படாதவை. பஞ்சு மட்டும் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, அதை விட்டால் அழுக்கு அங்கேயே அழுகும். தினமும் செய்ய வேண்டியது வெப்பமானியைப் பார்ப்பது, மீன் ஓடிவந்து தின்கிறதா என்று பார்ப்பது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி வினிகரில் ஊறப்போடுங்கள். டெஸ்ட்டில் ஆல்கலினிட்டியை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், 8 அல்லது 9 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). கால்சியம் 400 முதல் 450 பிபிஎம். மென்பவளம் மட்டும் இருக்கும் தொட்டியில் இவை பெரிதாக அசையாது. அசையாத ஒன்றுக்கு, அவற்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் டோஸிங் பம்ப் வாங்குவது வீண்.

கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் அப்படித்தான். பின்னறைக்குள் நுழையும் குட்டி ஸ்கிம்மர்கள் சத்தம் போடும் அளவுக்கு வேலை செய்வதில்லை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1960-களின் தொடக்கத்திலேயே, உயிர்ப்பாறையும் காற்றுக்குமிழியும் மட்டும் வைத்துப் பவளம் வளர்த்துக் காட்டினார், நம்மைப் போன்ற வெயில் ஊர்தான் அது. வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுபவருக்கு ஸ்கிம்மர் தேவையில்லை. மாற்றச் சோம்பலாக இருப்பவரை ஸ்கிம்மரும் காப்பாற்றாது.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்துகள் சில. கொசு லிக்விட் மெஷின், கரப்பான் ஸ்ப்ரே இரண்டிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். பெஸ்ட் கன்ட்ரோல்காரர் வருகிறார் என்றால் அந்த அறைக்கு மட்டும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சாம்பிராணிப் புகை, பெயிண்ட் வாசனை, ஃபினாயில் கை எல்லாம் தண்ணீரில் கரையும். கையை விடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் முழங்கை வரை கழுவுங்கள்.

கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்ஸிஜன். ஏசி அறையில் இரண்டு மூன்று மணி நேரம் பெரும்பாலும் தாங்கும், கோடையில் அதை நம்ப வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் பம்பையும் வேவ்மேக்கரையும் மட்டும் கொடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு சீலிங் ஃபேன் அளவு மின்சாரம்கூட எடுக்காது. சில்லரை அதில் போடாதீர்கள், பேட்டரி ஓடிப்போகும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி கரண்டில் (மாறுமின்னோட்டம்) ஓடும் பம்ப் உறுமிச் சூடாகும், அடாப்டர் வழியாக டிசி கரண்டில் (நேர்மின்னோட்டம்) ஓடும் பம்ப் என்றால் அந்தத் தொல்லை இல்லை. கூடவே பேட்டரியில் ஓடும் குட்டி ஏர் பம்ப் ஒன்று. புயல் வரும் டிசம்பரில் இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் போவது சென்னைக்குப் புதிதில்லை. அப்போது தீவனத்தை நிறுத்திவிடுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் நான்கு நாள் பட்டினியை வளர்ந்த கோமாளி மீன் தாராளமாகத் தாங்கும். டாப்-அப் கேனை நிரப்பி, பஞ்சை மாற்றி, சில்லர் ஓடுகிறதா பார்த்துவிட்டுக் கிளம்பலாம். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் தீவன டப்பாவை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை என்று காகிதத்தில் பொட்டலம் கட்டி, தேதி எழுதி வையுங்கள். டப்பாவை எடுத்துப் பூட்டி வைத்துவிடுங்கள்.